இன்பாக்ஸில் வைரஸ் என்கிறது ஆன்டிவைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மெயில் புரோகிராம்களைக் கணினியில் நிறுவிப் பயன்படுத்துகிறவர்களுக்கானது இந்தப் பக்கம். பிரவுசரில் மட்டும் மெயில் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விளக்கங்களைப் பெரும்பாலும் விண்டோஸில் ஓடும் தண்டர்பேர்டை வைத்தே சொல்லியிருக்கிறேன். மற்ற புரோகிராம்கள் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் திரையில் இப்போதே எச்சரிக்கைப் பெட்டி திறந்து நிற்கிறது என்றால் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு அதைக் கவனியுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இன்பாக்ஸ் என்ற ஃபைலில் வைரஸ் இருக்கிறது, டெலீட் செய்யவா, குவாரன்டைனில் போடவா என்று ஆன்டிவைரஸ் கேட்கிறது. எதை அழுத்துவது?

இரண்டையும் அழுத்தாதீர்கள். (குவாரன்டைன் என்பது ஃபைலை அதன் இடத்திலிருந்து எடுத்துத் தனியே பூட்டி வைப்பது.) 'இக்னோர்', 'ஸ்கிப்' என்று ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்னால் பெட்டியில் உள்ள ஃபைலின் முழு முகவரி, வைரஸின் பெயர், உள்ளே எந்த அட்டாச்மென்ட் என்ற விவரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் குற்றவாளியைத் தேடும்போது அதுதான் உதவும்.

இது மெயில் புரோகிராமின் சொந்த ஃபைலுக்கு மட்டும் பொருந்தும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ தற்காலிக ஃபோல்டரிலோ கிடக்கும் தனி ஜிப், வேர்டு ஃபைல் மீது புகார் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அழிக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு மெயிலில்தானே வைரஸ்? மொத்த இன்பாக்ஸையும் ஏன் பிடிக்கிறது?

ஏனென்றால் உங்கள் கண்ணுக்கு ஆயிரம் மெயிலாகத் தெரிவது வட்டில் ஒரே ஃபைல். தண்டர்பேர்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் 'எம்பாக்ஸ்' முறை 1970களின் யுனிக்ஸ் காலத்துச் சரக்கு. ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஃபைல். புதிதாக வரும் மெயில், அந்த ஃபைலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெயிலும் 'ஃப்ரம்' என்று தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பிக்கும். ஒரு மெயில் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த வரிதான் அடையாளம்.

ஆன்டிவைரஸுக்கு இந்த வீட்டு விவகாரமெல்லாம் தெரியவேண்டிய கட்டாயமில்லை. சில ஆன்டிவைரஸ்கள் ஃபைலுக்குள் புகுந்து இந்தத் தேதியில் வந்த மெயில், இந்த அட்டாச்மென்ட் என்று துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, வெட்டி எடுப்பது வேறு. இரண்டு ஜிபி ஃபைலின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுக்கத் தெரியாதபோது, அது முழு ஃபைலையும் தூக்கிக் குவாரன்டைனில் போட்டுவிடுகிறது. தண்டர்பேர்டை அடுத்த தடவை திறந்தால் இன்பாக்ஸ் வெறிச்சோடிக் கிடக்கும். வைரஸால் வந்த நஷ்டத்தைவிட இப்படி வந்த நஷ்டம்தான் பல பேருக்குப் பெரிது.

அந்த ஃபைல் எங்கே இருக்கிறது?

தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவுக்குள் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று ஒன்று இருக்கும். அதில் புரொஃபைல் ஃபோல்டரை, அதாவது உங்கள் மெயிலும் செட்டிங்குகளும் இருக்கும் இடத்தை, திறக்கும் பொத்தான் உண்டு. உள்ளே 'மெயில்' என்ற ஃபோல்டரில் பாப் கணக்குகளும் (மெயிலைக் கணினிக்கே இறக்கிவைக்கும் முறை) லோக்கல் ஃபோல்டர்களும், 'ஐமேப்மெயில்' என்ற ஃபோல்டரில் ஐமேப் கணக்குகளும் (மெயிலைச் சர்வரில் வைத்து நகலை மட்டும் இறக்கும் முறை) இருக்கும். கணக்கின் ஃபோல்டருக்குள் போனால் இன்பாக்ஸ், சென்ட், ட்ராஷ் என்று எக்ஸ்டென்ஷனே இல்லாத ஃபைல்கள் தெரியும். மெயில் எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

பக்கத்திலேயே அதே பெயரில் '.எம்எஸ்எஃப்' என்று முடியும் சிறிய ஃபைல் ஒன்று இருக்கும். அது அட்டவணை மட்டுமே. அது போனால் தண்டர்பேர்ட் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் இல்லாததை அழித்தால் மெயிலே போய்விடும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

மற்ற புரோகிராம்களும் இப்படித்தானா?

அவுட்லுக் இன்னும் ஒரு படி மேலே. பாப் கணக்கு என்றால் இன்பாக்ஸ், சென்ட், காலண்டர், கான்டாக்ட் எல்லாமே சேர்ந்து ஒரே பிஎஸ்டி ஃபைல். எக்ஸ்சேஞ்ச் (அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்), மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு என்றால் ஓஎஸ்டி என்ற ஃபைல். அது சர்வரில் உள்ளதன் நகல்தான். ஆகவே ஓஎஸ்டி போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், பிஎஸ்டி போனால் அழவேண்டியதுதான். 2002 பதிப்பு வரையிலான பழைய பிஎஸ்டிக்கு இரண்டு ஜிபி எல்லை இருந்தது. 2003-இல் அது 20 ஜிபியாகவும், 2010 பதிப்பிலிருந்து 50 ஜிபியாகவும் உயர்ந்தது. ஆக, ஒரு தவறான க்ளிக்கில் 50 ஜிபி வரை போகலாம்.

ஆப்பிள் மெயில் மெயிலுக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வைக்கிறது. ஃபைல் பெயர் 'இஎம்எல்எக்ஸ்' என்று முடியும். அங்கே ஆன்டிவைரஸ் ஒன்றைத் தூக்கினாலும் அந்த ஒரு மெயில்தான் போகும். தண்டர்பேர்டிலும் 'மெயில்டிர்' என்ற பெயரில் இதே மாதிரி ஒரு வசதி இருக்கிறது. கணக்கைச் சேர்க்கும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். ரொம்ப காலமாகச் சோதனை நிலையிலேயே இருந்துவரும் வசதி என்பதால், முக்கியமான கணக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஃபோல்டருக்கு ஒரு டிபிஎக்ஸ் ஃபைல், இரண்டு ஜிபி எல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவும்போது இன்பாக்ஸ்.டிபிஎக்ஸ் என்று கண்ணில் பட்டால் அதுதான். அதையும் ஆன்டிவைரஸிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபைலுக்குள் இருக்கும் வைரஸ் தானாக ஓடுமா?

ஓடாது. மெயில் வந்த காலத்திலிருந்தே அது எழுத்துகளை அனுப்பும் வழி. படமோ ஜிப்போ எதுவானாலும் 'பேஸ்64' என்ற முறையில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றித்தான் மெயிலில் வைக்கப்படுகிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கு. மூன்று எம்பி அட்டாச்மென்ட், ஃபைலில் நான்கு எம்பிக்குச் சற்று மேலே இடம் பிடிப்பது இதனால்தான். அந்த எழுத்துக் குவியலை விண்டோஸால் இயக்க முடியாது. நீங்கள் அட்டாச்மென்டைத் திறக்கும்போதுதான் அது பழைய உருவத்துக்கு மாற்றப்பட்டு, தனி ஃபைலாக ஒரு தற்காலிக ஃபோல்டரில் எழுதப்படுகிறது. அபாயம் தொடங்குவது அந்தக் கணத்தில்.

மெயிலைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் சும்மா வந்ததில்லை. 2001-இல் வந்த நிம்டா, பேட்டிரான்ஸ் புழுக்கள் (தானே பரவும் வைரஸ்கள்), அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயிலைக் காட்ட நம்பியிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி, முன்னோட்டப் பலகத்தில் மெயில் தெரிந்தாலே அட்டாச்மென்டை ஓட வைத்தன. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கு அதே வருடம் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழுவுக்கு ஓட்டைகூடத் தேவைப்படவில்லை, ஜனங்கள் தாங்களே காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். இன்றைய புரோகிராம்களில் அந்தப் பழைய ஓட்டைகள் இல்லை. ஆனால் புதியது எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கப்படலாம், எனவே சந்தேக மெயிலை அழிக்கும்போது பலகத்தை மூடிவிடுவது நல்ல பழக்கம்.

அந்த மெயிலை டெலீட் செய்தேன், ட்ராஷையும் காலி செய்தேன். அப்புறமும் அதே ஃபைலில் வைரஸ் என்கிறதே?

இந்தப் பக்கத்தை எழுதவைத்ததே இந்தக் கேள்விதான்.

எம்பாக்ஸ் ஃபைலை ஒரு தடித்த கணக்கு நோட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். டெலீட் என்பது அந்த வரியின் மேல் கோடு கிழிப்பது மட்டுமே. பக்கம் கிழிக்கப்படுவதில்லை. கோடு கிழிக்காத வரிகளை மட்டும் வேறு நோட்டுக்கு எடுத்து எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப்போடும் வேலைக்குத்தான் 'காம்பாக்ட்' என்று பெயர்.

நிஜமாக அங்கே நடப்பது இது. ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் 'எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரியைத் தண்டர்பேர்ட் சேர்த்து வைக்கும். நீங்கள் படித்துவிட்ட ஒரு சாதாரண மெயிலில் அந்த வரியில் 0001 என்று இருக்கும். டெலீட் செய்ததும் அது 0009 ஆகும். ஒன்று என்பது 'படித்தாயிற்று', எட்டு என்பது 'நீக்கியாயிற்று', கூட்டினால் ஒன்பது. அவ்வளவுதான் மாற்றம். மெயிலும் அதன் அட்டாச்மென்டும் ஒரு எழுத்துக் குறையாமல் அங்கேயே இருக்கும். திரையில் மட்டும் காட்டாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டெலீட் அழுத்தினால் மெயில் ட்ராஷுக்குப் போகிறது அல்லவா? ட்ராஷும் தனி ஃபைல். ஆகவே இப்போது வைரஸ் இரண்டு ஃபைலில் இருக்கிறது: இன்பாக்ஸில் கோடு கிழிக்கப்பட்ட பிரதி, ட்ராஷில் புதுப் பிரதி. ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டதே, பரவுகிறதோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பரவவில்லை, நீங்கள்தான் நகலெடுத்தீர்கள்.

சரி, சரியான வரிசை என்ன?

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். ஆன்டிவைரஸ் அந்தப் பிரதியைப் பார்த்தும் கத்தும், கத்தட்டும். பிறகு தண்டர்பேர்டைத் திறந்து எஃப்8 விசையை அழுத்தி மெயில் தெரியும் பலகத்தை மூடுங்கள். இனிப் பட்டியல் மட்டும் தெரியும். சந்தேக மெயிலின் மேல் ஒரே ஒரு க்ளிக். இரண்டு தடவை க்ளிக் செய்தால் திறந்துகொள்ளும், கவனம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் அழுத்தினால் ட்ராஷுக்குப் போகாமல் நேரடியாக நீங்கும், இரட்டைப் பிரதித் தொல்லை வராது. முன்பே ட்ராஷுக்கு அனுப்பியிருந்தால் அதையும் காலி செய்யுங்கள்.

அப்புறம் இடப்பக்கம் உள்ள ஃபோல்டரில் வலது க்ளிக் செய்து 'காம்பாக்ட்'. மெயில் இருந்த ஃபோல்டர், ட்ராஷ், இடையில் எங்கெல்லாம் நகர்த்தினீர்களோ அவை எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். ஃபைல் மெனுவில் உள்ள 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' ஒரு கணக்கின் எல்லா ஃபோல்டரையும் ஒரே மூச்சில் முடிக்கும். தண்டர்பேர்ட் தானாகவும் இதைச் செய்யும், ஆனால் மிச்சமாகும் இடம் செட்டிங்கில் உள்ள அளவைத் தாண்டினால்தான். ஒரு சின்ன வைரஸ் மெயிலுக்காக அது அசையாது.

காம்பாக்ட் நடக்கும்போது புது ஃபைல் முழுதாக எழுதப்பட்டு, பிறகே பழையது மாற்றப்படுகிறது. எனவே ஃபோல்டர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு காலியிடம் வட்டில் வேண்டும். நடுவில் மெஷினை நிறுத்தாதீர்கள். கரண்ட் போகிற நேரமென்றால் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால் 'என்எஸ்டிஎம்பி' என்று தொடங்கும் அரைகுறை ஃபைல் ஒன்று ஃபோல்டர் பட்டியலில் வந்து உட்காரும். காம்பாக்ட் திரும்பத் திரும்பத் தோற்றால், ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். சில நிமிடத்துக்கு மட்டும் அந்த ஒரு ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதபடி ஆன்டிவைரஸில் விலக்குக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் விலக்கை எடுத்துவிட்டு அந்த ஃபைலை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.

எந்த மெயில் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆன்டிவைரஸின் பதிவேட்டைப் பாருங்கள். அனுப்பியவர், தேதி, அட்டாச்மென்ட் பெயர் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் 'குயிக் ஃபில்டர்' பட்டையில் அட்டாச்மென்ட் குறியை அழுத்துங்கள். ஆயிரக்கணக்கில் இருந்த பட்டியல் சில நூறாகச் சுருங்கும்.

நோட்பேடில் இன்பாக்ஸ் ஃபைலைத் திறந்து தேடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். தவறி ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தால் அட்டவணை குழம்பிவிடும். போதாததற்குத் தமிழில் எழுதிய தலைப்பு அங்கே தமிழாகவே இருக்காது. அதுவும் பேஸ்64-ஆக மாறி, புரியாத எழுத்தும் எண்ணுமாகத்தான் கிடக்கும். 'ரசீது' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

துப்பு எதுவுமே இல்லாதபோது பாதிப் பாதியாகப் பிரிக்கிற வழி இருக்கிறது. 'சோதனை' என்று புது ஃபோல்டர் போட்டு, சந்தேகத்துக்குரிய மெயில்களில் பாதியை அங்கே நகர்த்துங்கள். இன்பாக்ஸைக் காம்பாக்ட் செய்துவிட்டு இரண்டு ஃபைலையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள். எதில் புகார் வருகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் மெயில் இருந்தாலும் பத்துச் சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடும். காம்பாக்ட் செய்ய மறந்தால் மட்டும் கணக்கு பொய்த்துவிடும், நகர்த்திய மெயில் பழைய ஃபைலிலும் இருக்கும் என்பதால்.

ஏற்கெனவே குவாரன்டைனில் போட்டுவிட்டேன். இன்பாக்ஸ் காலி. திரும்ப வருமா?

ஐமேப் கணக்கு என்றால் கவலையே வேண்டாம். மெயில் சர்வரில் இருக்கிறது, திரும்ப இறங்கும். பாப் கணக்கு என்றால் பெரும்பாலும் மீட்கலாம், கொஞ்சம் நிதானம் வேண்டும்.

உடனே தண்டர்பேர்டை மூடுங்கள். ஃபைல் காணாமல் போனதால் அது புதிதாக ஒரு இன்பாக்ஸ் ஃபைலை உண்டாக்கியிருக்கும், அதற்குள் புது மெயில்கூட வந்திருக்கலாம். அதை அழிக்காமல் 'புதியஇன்பாக்ஸ்' என்று பெயர் மாற்றி வையுங்கள். ஆன்டிவைரஸில் புரொஃபைல் ஃபோல்டருக்குத் தற்காலிக விலக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மீட்ட மறுநொடியே திரும்பப் பிடித்துக்கொள்ளும். இப்போது குவாரன்டைனிலிருந்து 'ரிஸ்டோர்' செய்யுங்கள். பழைய இடத்தில் வந்துவிட்டதா, அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உள்ள '.எம்எஸ்எஃப்' ஃபைலை மட்டும் நீக்கிவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால் அட்டவணை புதிதாக உருவாகும். பெயர் மாற்றி வைத்ததும் தனி ஃபோல்டராகப் பட்டியலில் தெரியும், அதில் உள்ளதை இன்பாக்ஸுக்கு நகர்த்திக்கொள்ளலாம். பிறகு மேலே சொன்ன வரிசைப்படி வைரஸ் மெயிலை நீக்குங்கள், காம்பாக்ட் செய்யுங்கள், விலக்கை ரத்து செய்யுங்கள்.

குவாரன்டைன் இல்லாமல் நேரடியாக டெலீட் ஆகியிருந்தால் பேக்கப்தான் முதல் வழி. பாப் கணக்கில் 'மெயிலைச் சர்வரிலேயே விட்டுவை' என்ற டிக் போட்டிருந்தீர்களா என்றும் பாருங்கள். பலர் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

ஐமேப் கணக்கில் அழித்த மெயில் திரும்பத் திரும்ப வருகிறதே?

கணினியில் உள்ள ஃபைலை மட்டும் அழித்திருப்பீர்கள். மூலம் சர்வரில் இருக்கும்வரை இங்கே என்ன செய்தாலும் மறுபடி இறங்கும். ஐமேபிலும் அதே கதைதான்: முதலில் நீக்கக் குறி, பிறகு 'எக்ஸ்பஞ்ச்' என்ற கட்டளை வந்தால்தான் சர்வர் நிஜமாக அழிக்கும். ஜிமெயிலில் கூடுதல் சிக்கல், ஒரே மெயில் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் தெரியும், இரண்டு ஃபைலாகவும் இறங்கும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அங்கேயே அழித்து, ட்ராஷிலிருந்தும் நீக்கிவிடுவது சுலபம். விட்டுவைத்தால் 30 நாள் அங்கே கிடக்கும். அதன் பிறகு தண்டர்பேர்டில் காம்பாக்ட்.

அவுட்லுக்கில் எப்படி?

கிளாசிக் அவுட்லுக்கைத்தான் சொல்கிறேன். 'வியூ' மெனுவில் ரீடிங் பேனை நிறுத்துங்கள். ஷிஃப்ட் டெலீட் இங்கேயும் உண்டு. பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதிக்குப் போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸுக்குள் 'காம்பாக்ட் நவ்' அழுத்துங்கள். பெரிய பிஎஸ்டி என்றால் சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். ஃபைல் கெட்டுப்போனால் சரிசெய்ய மைக்ரோசாஃப்டே 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவியைக் கூடவே கொடுக்கிறது. அது ஃபைலைப் பழுது பார்க்கும் கருவி, பெயரைப் பார்த்து வைரஸ் ஸ்கேனர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் அவுட்லுக்கில் எப்போதோ திறந்து பார்த்த அட்டாச்மென்டின் பிரதி 'கன்டென்ட்.அவுட்லுக்' என்ற மறைவான தற்காலிக ஃபோல்டரில் தங்கியிருக்கக்கூடும். அங்கே வரும் புகாரை ஆன்டிவைரஸே தீர்த்துக்கொள்ளட்டும்.

மெயிலின் எழுத்து வேண்டும், அட்டாச்மென்ட் மட்டும் வேண்டாம்.

தண்டர்பேர்டில் அட்டாச்மென்டின் மேல் வலது க்ளிக் செய்து 'டெலீட்'. எழுத்து நிற்கும், அட்டாச்மென்ட் போகும். இதற்கும் கடைசியில் காம்பாக்ட் வேண்டும்.

பேசாமல் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிட்டால்?

என் கருத்தைக் கேட்டால், செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. அட்டாச்மென்டைத் திறக்கும்போது அது தற்காலிக ஃபோல்டரில் எழுதப்படுகிறது, ஆன்டிவைரஸின் உடனடிக் காவல் அதை அங்கே பிடித்துவிடும். எனவே அந்தக் காவலை மட்டும் எப்போதும் அணைக்கக் கூடாது. 'மெயில்', 'ஐமேப்மெயில்' இரண்டை மட்டும் விலக்குங்கள், முழு புரொஃபைலையும் அல்ல. தண்டர்பேர்டில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன புரோகிராம்களான ஆட்-ஆன்களும் அதே புரொஃபைலில்தான் இருக்கின்றன.

பாப் கணக்குக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில், வரும் மெயில்களைத் தனித்தனியாகக் குவாரன்டைன் செய்ய ஆன்டிவைரஸை அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கிறது. போட்டுவிட்டால் ஒவ்வொரு மெயிலும் முதலில் தனித் தற்காலிக ஃபைலாக எழுதப்படும். ஆன்டிவைரஸ் விட்டுவைத்தால்தான் இன்பாக்ஸோடு சேரும். வந்த வழியிலேயே பிடிபடுவதால் பழைய மெயிலுக்கு ஆபத்தில்லை.

பாஸ்வேர்டு போட்ட ஜிப், பாஸ்வேர்டு மெயிலிலேயே எழுதியிருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை.

வராது. பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டி அனுப்புகிறார்கள். அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்காமல் திறக்காதீர்கள்.

சந்தேக மெயிலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதிக்கலாமா?

அட்டாச்மென்டை மட்டும் என்றால் சரி. முழு மெயிலையோ இன்பாக்ஸ் ஃபைலையோ ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகிறது. உங்கள் வங்கிக் கடிதமும் சேர்ந்து போக வேண்டாம்.

அட்டாச்மென்டைத் திறந்தே விட்டேன்.

அப்படியென்றால் மெயிலை அழிப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். வைஃபையைத் துண்டியுங்கள். விண்டோஸில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' ஸ்கேன் ஓட்டுங்கள், அது விண்டோஸ் கிளம்பும் முன்பே தேடும். வேறு கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அலுவலக மெஷின் என்றால் ஐடி ஆட்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்களோடு கடிதப் போக்குவரத்து உள்ளவர்களையும் எச்சரியுங்கள். 2014-இல் தலைகாட்டிய எமோடெட் என்ற வைரஸ், பின்னாளில் அவுட்லுக்கில் இருந்த பழைய மெயில்களைத் திருடி, அதே உரையாடலுக்குப் பதில் போல வைரஸை அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் அது திரும்ப வந்தது. தெரிந்தவரிடமிருந்து, நாம் எழுதியதற்கே பதிலாக வரும் மெயிலை யார் சந்தேகப்படுவார்கள்?

பழைய பேக்கப்பிலும் அந்த மெயில் இருக்குமே, அதை என்ன செய்வது?

இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பேக்கப்புக்குள் கை வைத்து ஒரு மெயிலை நீக்க முயன்றால் பேக்கப்பே கெடும் வாய்ப்பு அதிகம். இன்பாக்ஸைச் சுத்தம் செய்து, ஸ்கேனில் புகார் வரவில்லை என்று பார்த்த பிறகு புது பேக்கப் ஒன்று எடுங்கள். பழையதை ஒரு மாதமாவது வைத்திருங்கள், ஏதாவது மெயில் விடுபட்டது அப்போதுதான் தெரியவரும். அது இருக்கும் டிரைவைச் செருகிய நிலையிலேயே முழு ஸ்கேன் ஓட்டாதீர்கள். ஆன்டிவைரஸ் அங்கேயும் போய் அதே இன்பாக்ஸ் ஃபைலைத் தூக்கிவிடும்.